மேக்கில் சி டிரைவ் தேடிய நாள்

சிவகாசியில் வெள்ளைத்துரையின் அச்சகத்தில் ஒரு பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர் இருந்தது. காலையில் அதை ஆன் செய்துவிட்டு ஆனைக்குட்டம் அணை வரை போய்க் குளித்துவிட்டு வரலாம். டிசைனர் பால்பாண்டி ஒரு தடவை அப்படிப் போய் வந்து, தலையும் காயவைத்துவிட்டார். அப்போதும் அது வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

ஆகவே தீபாவளி சீசனுக்கு முன்னால் வெள்ளைத்துரை ஆப்பிள் கம்பெனியின் மேக் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினார்.

"இதுக்கு வைரஸே வராதாம். கடைக்காரரு சொன்னாரு," என்றார் பெருமையாக.

வைரஸே வராதென்றால் பயம் எதற்கு? பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியட்டும் என்று முடிவானது. அவர்களோ அச்சுக்காரர்கள். துண்டுத்தாளில் கிறுக்குவார்களா? நாலு கலரில், தங்க பார்டர் போட்டு, லேமினேஷன் செய்து, திரைக்குக் கீழே ஒட்டினார்கள். எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்தபடியே படிக்கலாம்.

வெள்ளைத்துரையின் மகள் ஆர்த்தி, ஆறாம் வகுப்பு, அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தாள்.

"அப்பா, பாஸ்வேர்டை இப்படியா ஒட்டுவாக?"

"ஏன்? பார்டர் நல்லாத்தான இருக்கு!"

அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எம். புதுப்பட்டிக்கு ராக்கெட் லேபிள் போயாக வேண்டும். அங்குள்ள பட்டாசுக் கம்பெனி முதலாளி பொன்னுத்தங்கம் கண்டிப்பானவர். பிந்தினால் சீசன் ஆர்டர் மொத்தமும் வேறு அச்சகத்துக்குப் போய்விடும். லேபிள் படங்களோ மேக்குக்குள் மட்டும்தான் இருந்தன.

பால்பாண்டி ராக்கெட்டுக்கு ஏற்ற எழுத்து வடிவம் வேண்டுமென்று இணையத்தில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தார். திரை முழுக்கச் சிவப்பு! 'சி டிரைவில் பயங்கர வைரஸ்! உடனே இந்த எண்ணை அழையுங்கள்!' கூடவே தீயணைப்பு வண்டி மாதிரி ஓர் அலறல்.

பால்பாண்டிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அப்பாடா, வாயைத் திறந்துட்டு! பழசு தெனமும் வைரஸைப் பத்தி ஏதாச்சும் சொல்லும். இது பேசாம இருக்கவும் எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு அண்ணாச்சி."

வெள்ளைத்துரைக்கு வியர்த்துவிட்டது. "ஐயோ, லேபிளு!" என்று அந்த எண்ணை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் சார், கம்ப்யூட்டர் பாதுகாப்பு மையம்," என்றது ஒரு தேன்குரல். "பயப்படாதீங்க. நாங்க சொல்ற புரோகிராமை இறக்குங்க. உள்ளே வந்து சுத்தம் பண்ணிடறோம். முதல்ல பாஸ்வேர்டு சொல்லுங்க."

வெள்ளைத்துரை ஸ்டிக்கரைப் பார்க்கக் குனிந்தார். அங்கே இரண்டு உள்ளங்கைகள்தான் இருந்தன. ஆர்த்தியுடையவை.

"ஏட்டி, கையை எடு! அது இல்லாம எனக்கு ஞாபகம் வராது!"

"வராமலே இருக்கட்டும். மொதல்ல சி டிரைவைக் காட்டுங்க, எடுக்கேன்."

ஒரு கையால் ஸ்டிக்கரை மறைத்துக்கொண்டே, மறுகையால் மெனுவில் தேடி அந்தச் சிவப்புப் பக்கத்தை வலுக்கட்டாயமாக மூடினாள். அலறல் நின்றது. பால்பாண்டி மவுசைப் பிடித்து மூலை முடுக்கெல்லாம் துழாவினார்.

"இங்கனதான இருக்கும்... அங்கனயும் காணோமே... அண்ணாச்சி! அது விண்டோஸுலல்லா இருந்துச்சு! இதுல சி டிரைவே கெடையாது!"

ஆர்த்தி போன் பக்கம் குனிந்தாள். "அண்ணே, வைரஸ் எந்த டிரைவுல இருக்கு?"

"சி டிரைவ்ல பாப்பா. நான் இங்கிருந்தே பார்க்கிறேனே."

"எங்க கம்ப்யூட்டர்ல அது இல்லையே?"

எதிர்முனையில் ஏதோ தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப... டி டிரைவ்ல இருக்கும்," என்றது குரல்.

பால்பாண்டி சிரித்த சிரிப்பில் கட்டிங் மெஷின் பயந்து நின்றுவிட்டதாக அந்தத் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். எதிர்முனையில் இணைப்பு அறுந்தது.

புதிதாக எதுவும் இறங்கியிருக்கிறதா என்று ஆர்த்தி பார்த்தாள். இல்லை. ஸ்டிக்கரைப் பிய்த்தெடுத்தாள்.

"அப்பா, புதுப் பாஸ்வேர்டு போடுங்க. பால்பாண்டி மாமாவுக்குக் கம்ப்யூட்டர்ல தனிக் கணக்கு. லேபிள் படத்துக்கெல்லாம் வெளி டிஸ்க்குல ஒரு காப்பி."

"அம்புட்டும் வேணுமாத்தா?"

"புதுப்பட்டில செஞ்ச வெடியெல்லாத்தையும் ஒரே ரூமுக்குள்ளயா வைக்காக?"

வெள்ளைத்துரை டிஸ்க் எடுக்க எழுந்தார்.

அச்சு ஓடியது. மஞ்சள் வாலோடு ஊதா ராக்கெட் அச்சான லேபிள் கட்டுகளை ஏற்றிக்கொண்டு வேன் புறப்பட்டது. பொழுது சாய்கிற நேரத்தில் வெள்ளைத்துரையின் போன் அடித்தது. தெரியாத எண்.

"யாரு பேசுதீக?" என்றார் விறைப்பாக.

"பொன்னுத்தங்கம். மகன் போன்லருந்து பேசுதேன்."

"அதை நான் எப்படி நம்புறது?"

"என்னது?" என்று எதிர்முனை உறுமியது.

வெள்ளைத்துரை வாயைப் பொத்திக்கொண்டு போனை மகளிடம் நீட்டினார். அவள் காதில் வைத்தாள்.

"மாமா, எங்க வேன் அங்க வந்துருச்சா? லேபிள்ல ராக்கெட்டு என்ன கலரு?"

"வந்துருச்சு. ஊதா கலரு, வாலு மட்டும் மஞ்சள். ரொம்ப நல்லா வந்துருக்கு தாயி. தரைச்சக்கர லேபிளும் நீங்களே அடிச்சுருங்கன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்கப்பாவுக்கு என்னாச்சு?"

ஆர்த்தி சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தைரியமாப் பேசுங்கப்பா. இவுக நெசமான ஆளுதான்."