வாயாடி வாயை மூடிய கதை

அவளுக்குப் பத்து வயது. தூங்கும்போது மட்டும்தான் அவள் வாய் ஓயும். அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘வாயாடி’. அவள் அப்பா ரொட்டிக் கடை வைத்திருந்தார்.

சித்தி இறந்த பிறகு, சித்தியின் ஐந்து வயது மகன் அவர்கள் வீட்டுக்கு வந்தான். ஒரு தம்பி வேண்டும் என்று எத்தனை வருடம் ஏங்கியிருப்பாள்! வந்த தம்பியோ நான்கு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கடையில் மாவு பிசையும் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான்.

“ஒரே ஒரு தடவை அக்கான்னு சொல்லுடா!” என்று கெஞ்சுவாள். கிச்சுகிச்சு மூட்டுவாள். குரங்கு மாதிரி குதித்தும் காட்டினாள். அவன் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர், இயேசு சொன்ன உவமை ஒன்றைச் சொன்னார். ஒரு பெண் கொஞ்சம் புளித்த மாவை எடுத்து, நிறைய மாவுக்குள் பிசைந்து வைத்தாள். மாவு முழுவதும் பொங்கியது. விண்ணரசு, அதாவது கடவுளின் ஆட்சி, அதைப் போன்றது. அவ்வளவுதான் கதை.

வாயாடி கையைத் தூக்கினாள். “மாவு பொங்க அவங்க எவ்வளவு நேரம் காத்திருந்தாங்க, சிஸ்டர்?”

வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. “அதை இயேசு சொல்லலையேம்மா. நீ என்ன நினைக்கிற?”

“ரொம்ப நேரம் இருக்கும் சிஸ்டர். நடுவுல தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்க மாட்டாங்க. தொட்டா மாவு அமுங்கிடும். நான் தொட்டுட்டு அப்பாகிட்ட எத்தனை தடவை திட்டு வாங்கி...”

சட்டென்று நிறுத்தினாள். தம்பியின் முகம் கண்முன் வந்தது.

“கடவுளோட வேலையும் அப்படித்தான்,” என்றார் சிஸ்டர். “வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ளுக்குள்ள நடந்துக்கிட்டே இருக்கும்.”

மறுநாள் பள்ளி விட்டதும் வாயாடியும் மேசைக்கு அடியில் நுழைந்தாள். தலை ‘ணங்’கென்று இடித்தது. “ஆ” என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு ரொட்டித் துண்டைப் பிட்டுப் பாதியைத் தம்பியிடம் நீட்டினாள். சொல்ல நினைத்ததெல்லாம் தொண்டைவரை வந்து திரும்பிப் போனது.

“இவளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று அம்மா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

ஒரு வாரம் போனது. இன்னொரு வாரமும் போனது. சில நாள் அழுகைகூட முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவள் எதையும் கேட்கவில்லை.

ஒரு மாலை, தம்பி ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்து, கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எங்க அம்மா ஓரத்தைச் சாப்பிடவே மாட்டாங்க,” என்றான்.

வாயாடிக்கு எழுந்து ஊரைக் கூட்ட வேண்டும் போலிருந்தது. மெதுவாக, “அப்படியா?” என்றாள்.

“ம். எல்லா ஓரமும் எனக்குத்தான்.”

அன்று கடை மூடும்வரை அவன் தன் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தான். வாயாடி அவனை ஒட்டி உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.