பூட்டிய வாய்

ஆஸ்பத்திரியில் வாயைப் பூட்டித்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் அந்தத் தையல்காரியின் காதோரம், தாடை மூட்டு ‘டக்’கென்று சொடுக்கியது.

பேசினால் சொடுக்கும், கொட்டாவி விட்டால் சொடுக்கும்; அது பழைய கதை. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒட்டாமல், ஒரு நூலைக்கூடக் கடித்து அறுக்க முடியாதவளாக இருந்தாள். இப்போது எலும்பை அறுத்து நேராக்கி, பல்லோடு பல்லைச் சின்னச் சின்ன ரப்பர் வளையங்களால் இழுத்துக் கட்டியாயிற்று. அசையாத வாய் எப்படிச் சொடுக்கும், சொல்லுங்கள் கண்ணுகளா?

மூட்டில் சத்தம் வருமா என்று டாக்டர் முன்பே கேட்டிருந்தார். மூட்டில் கோளாறு இருந்தால் முதலில் அதை ஆற்ற வேண்டும், அறுவை சிகிச்சை தள்ளிப்போகும் என்றார். இவளுக்குப் பொறுக்கவில்லை, பட்ட கேலி அப்படி. கீழ்த்தாடையைத் துளி முன்னே தள்ளிக்கொண்டு திறந்தால் சத்தம் வராது என்று கண்ணாடி முன்னால் பழகி வைத்திருந்தாள். அப்படியே திறந்து காட்டினாள். அவர் விரலுக்கு ஒன்றும் அகப்படவில்லை. முழுப் பூசணிக்காய் சோற்றில் மறைந்தது.

மத்தியான வெயில் திரைக்குப் பின்னால் பழுப்பாகத் தேங்கிக் கிடக்க, மருந்து வாடையும் துருப்பிடித்த இரும்பு போல ஒரு வாடையும் அறையில் கலந்து நிற்க, அந்தச் சத்தம் நிதானமாக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. டக். டக்.

அடுப்படியில் கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்த அக்காவுக்கும் கேட்டது.

“என்னடி மென்னுக்கிட்டு இருக்க? கஞ்சிக்கு முன்னாடியே திருட்டுத் தீனியா?”

இல்லையென்று தலையாட்டினாள். கீழுதடும் முகவாயும் மரக்கட்டையாக மரத்திருந்தன. உணர்வு திரும்ப மாதக்கணக்காகும் என்று சொல்லியிருந்தார்கள். முகவாயைத் தொட்டாள். விரலுக்கு முகவாய் தெரிந்தது; முகவாய்க்கு விரல் தெரியவில்லை.

விரல் மேலே போனது. கீழே வந்தது.

கை நடுங்குகிறது என்று நினைத்தாள். மறு கையால் மணிக்கட்டைப் பிடித்தாள். கை நின்றது.

முகவாய் நிற்கவில்லை.

அக்கா கஞ்சி டம்ளரோடு வாசற்படி வரை வந்தவள், அங்கேயே நின்றுவிட்டாள்.

“போதும்டி,” என்றாள், மெதுவாக. “நிறுத்து.”

எதை நிறுத்த? திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். அறுந்த ரப்பர் வளையங்கள் பல்லில் தொங்கின. மார்பெல்லாம் நனைந்திருந்தது. சிவப்பு. பல்லுக்குப் பல் கச்சிதமாகச் சேர்ந்தது. விலகியது. சேர்ந்தது. இடையில் அவளுடைய கீழுதடு.

பாதிதான் மிச்சம்.

வலிக்கவில்லை. பற்களை இறுக்கிக்கொள்ளப் பார்த்தாள். தாடை கேட்கவில்லை. மென்று முடித்ததை விழுங்கிவிட்டு, மறுபடி திறந்தது.