புதுக் கீல்

கீல் கழற்றிய பானட் தானாகத் திறக்க வழியில்லை. சுப்புராயனுக்கு அது நன்றாகத் தெரியும். முந்தின நாள் மாலை தேய்ந்துபோன கீல்கள் இரண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு, அந்தக் கனத்த தகட்டை லாரியின் நீண்ட மூக்கின்மேல் வெறுமனே படுக்கவைத்து, குறுக்கே கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டவர் அவரேதான். காலையில் கொட்டகையின் தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது முடிச்சு போட்டபடியே இருந்தது. ஆனால் கயிறு விறைத்துப்போய்த் தகட்டில் பதிந்திருந்தது. பானட்டின் முன் விளிம்பு நான்கு விரல் உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது, உள்ளேயிருந்து எதுவோ முட்டுக் கொடுத்ததுபோல.

உள்ளே ஒன்றும் இல்லை. எஞ்சினை வேலைக்காக உளுந்தூர்பேட்டைக்கு அனுப்பி இருபது நாளாகிறது. வெறும் குழி. அவர் கையை வைத்து அழுத்தினார். தகடு உடனே இறங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கியதுபோல் இருந்தது.

அவர் வெளியே வந்து கச்சிராயபாளையம் ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்தபடி நின்றுகொண்டார். பத்து மணிக்கு டிங்கர் காசிநாதன் சைக்கிளில் வந்தபோதும் அங்கேதான் நின்றிருந்தார்.

"இன்னாண்ணே, ஆள் வெளியில நிக்கிறீங்க?"

"காத்துக்கு நிக்கிறேன். வந்துதா?"

"வந்துது."

காசிநாதன் எண்ணெய்த் துணியைப் பிரித்தான். சேலத்தில் ஒரு லேத்துக்காரர் வெளிநாட்டுக் கார் ஒன்றைப் பார்த்து வெட்டிய கீல்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கை, நடுவில் கட்டைவிரல் தடிமனுக்கு ஸ்பிரிங். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு மெருகு. அந்த விலைக்குப் பிச்சைமுத்து ஆறு மாதம் மூட்டை தூக்கியிருக்க வேண்டும். போன வருஷம் வரை அவன் இந்த லாரிக்கு லோடுமேனாக இருந்தான்.

"ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க," என்றான் காசிநாதன். "இந்த வண்டிக்கு இது ஜாஸ்தி. பழைய கீலுக்கே புது பின்னு அடிச்சி, முட்டுக்கு நல்ல கம்பி ஒண்ணு வெச்சா போதும். இத மாட்டணும்னா கண்ணாடிக்குக் கீழ ரெண்டு எடத்துல தகட்ட வெட்டணும். அப்புறம் ஸ்பிரிங்கு. இது லேசான பானட்டுக்கு செஞ்சது. உங்களுது அந்தக் காலத்துத் தகடு. தாங்குமான்னு சந்தேகந்தான்."

"மாட்டினா வுழாதில்ல?"

"தாங்குச்சின்னா வுழாது. எங்க வுடுறீங்களோ அங்கியே நிக்கும்."

"அப்ப மாட்டு."

காசிநாதன் அவரை நிமிர்ந்து பார்த்தான். ஒரு நொடிதான். சுப்புராயன் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு வருஷமாக யார் பார்த்தாலும் அவருக்குத் தலை அப்படித்தான் போயிற்று.

லாரியைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்லி மனைவி கண்ணகி எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். அப்பா ஓட்டிய வண்டி, விற்க மனம் வரவில்லை என்று அவளிடம் சொன்னார். அது உண்மையில்லை. விற்றால், கண்ணில் படக்கூடாதென்று விற்றுவிட்டான் என்று ஊர் பேசும். விற்காமல் வைத்துப் புதிதாக்கினால், மடியில் கனமில்லாதவன் என்று நினைப்பார்கள். அவ்வளவுதான் கணக்கு.

"மொதலாளி, கீலு தேஞ்சிப்போச்சிங்க. முட்டுக் கம்பியும் ஒடஞ்சிடுச்சி. ஒரு நாளைக்கி யார் தலையிலயாவது வுழும்," என்று பிச்சைமுத்து அப்போது இரண்டு முறை சொல்லியிருந்தான். மூங்கில் கழி ஒன்றை வெட்டி முட்டுக் கொடுக்கச் சொன்னார் சுப்புராயன்.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு மறுநாளிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். அதற்குள் இறங்கிவிட வேண்டுமென்று வெள்ளிமலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பாதி மலையில் தண்ணீர் கொதித்து வண்டி நின்றது. மாலை ஐந்து மணி இருக்கும். பிச்சைமுத்து பானட்டைத் தூக்கிக் கழியை முட்டுக் கொடுத்து, இடுப்புவரை உள்ளே குனிந்து ஹோஸைக் கட்டிக்கொண்டிருந்தான். கீழ்வளைவில் கோடாலிச் சத்தம் கேட்டது. ரோட்டுக்குக் குறுக்கே போட மறியல்காரர்கள் மரம் வெட்டுகிறார்கள். இருந்த பதற்றத்தில், டிரைவர் சீட்டிலிருந்த சுப்புராயன் சாவியைத் திருகினார். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கியது. கழி நழுவியது. பானட் விழுந்து, தேய்ந்த கீல் பிய்த்துக்கொண்டு கோணலாகச் சிக்கியது. அவன் முதுகின்மேல்.

"மொதலாளி, தூக்குங்க."

இறங்கி வந்து தூக்கிப் பார்த்தார். ஒரு ஆளால் ஆகவில்லை. கோடாலிச் சத்தம் நின்று பேச்சுக்குரல்கள் மேலே வந்தன. லாரியைக் கொளுத்துவார்கள், தன்னை அடிப்பார்கள் என்று என்னவெல்லாமோ தோன்ற, ரோட்டோர உண்ணிச்செடிப் புதருக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். குரல்கள் வளைவுவரை வந்து, அடுத்த மரத்தைப் பார்த்துக்கொண்டு அப்படியே இறங்கிப் போய்விட்டன. உழவு ஓட்டுகிற, கரும்பு வெட்டுகிற ஆட்கள். ஒரு குரல் கொடுத்திருந்தால் பத்துக் கை சேர்ந்து தூக்கியிருக்கும். அவர் கொடுக்கவில்லை. அவர்கள் போன பிறகும் எழுந்திருக்கவில்லை. பானட்டில் உள்ளங்கையால் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று தட்டு, ஒரு இடைவெளி. மூன்று தட்டு, ஒரு இடைவெளி. நன்றாக இருட்டிய பிறகுதான் அது நின்றது.

ஆள் குடித்திருந்தான், கழியை அவனே இடித்துத் தள்ளிவிட்டான், அப்போதே உயிர் போய்விட்டது என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். அவன் பீடிகூடக் குடிக்காதவன்.

பன்னிரண்டு மணிக்குக் கீல்கள் ஏறிவிட்டன. காசிநாதன் பானட்டின் விளிம்பில் இரண்டு விரலை வைத்தான். அது எழுந்தது. சத்தமே இல்லை. பாதியில் விட்டான், பாதியில் நின்றது. முழுக்கத் தூக்கி விட்டான், அங்கேயும் நின்றது. அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஸ்பிரிங்கைத் தொட்டுப் பார்த்தான்.

"ஸ்பிரிங் இழுக்கவே இல்லண்ணே. தொளதொளன்னு கெடக்குது."

"அப்புறம் எப்படி நிக்கிது?"

காசிநாதன் குனிந்து பானட்டின் உட்புறத்தைப் பார்த்தான். முந்தின நாள் கீல் கழற்றுமுன் சுப்புராயன் அடித்த சிவப்பு பெயின்ட் காய்ந்திருந்தது. அதில் ஒரு உள்ளங்கைத் தடம். விரல்கள் அகலமாக விரிந்து, மேல்நோக்கித் தள்ளிய கை.

"ஈரத்துல கைய வெச்சீங்களா?"

"இல்ல."

"நானும் வெக்கல." அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "வூட்டுக்குப் போய் சாப்ட்டு வந்துடறேண்ணே." சைக்கிளை எடுத்தவன் சுத்தியலையும் ஸ்பானர் பையையும் அங்கேயே விட்டுப் போனான். பத்து வருஷத்தில் அவன் பையை விட்டுப் போனதில்லை.

சுப்புராயன் பானட்டை மூடினார். கொக்கி சரியாக விழுந்தது.

இரண்டு மணிக்கு மலைப்பக்கமிருந்து மழை வந்தது. தகரக் கூரைமேல் அது கொட்டிய இரைச்சலில் ரோடும் பஸ்களும் இல்லாமல் போயின. கொட்டகைக்குள் மண்ணெண்ணெய், பெயின்ட், ஈர மண் என்று வாடைகள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்துகொண்டிருந்தபோது, அவற்றுக்கு நடுவே மெல்ல மெல்ல இன்னொன்று கிளம்பிற்று: அன்று மலையில் ரேடியேட்டர் தண்ணீர் கொதித்தபோது அடித்த அந்தத் துரு வாடை. ரேடியேட்டர் சுவரோரம் தனியாகச் சாய்ந்திருந்தது. வாடை அங்கிருந்து வரவில்லை. லாரியின் மூக்கிலிருந்து வந்தது.

போய்விடலாம். வீடு நூறு அடிதான். ஆனால் கண்ணகி ஏன் முகம் இப்படி இருக்கிறதென்று கேட்பாள். அதற்கு ஒரு பொய் தேட வேண்டும்.

ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார்.

மழை விட்டது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம். சொட்டு. சொட்டு. அப்புறம் அது சொட்டு இல்லை.

மூன்று தட்டு. ஒரு இடைவெளி.

அவர் காதைப் பொத்திக்கொண்டார். உள்ளங்கைக்குள்ளும் கேட்டது.

"மொதலாளி."

அவர் துள்ளி எழுந்தார். வாசலில் நனைந்த முக்காட்டோடு ராஜாம்பாள் நின்றிருந்தாள். பிச்சைமுத்துவின் மனைவி. கையில் பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த காகிதம். தட்டுச் சத்தம் நின்றிருந்தது.

"வா ராஜாம்பா. இன்னா இவ்ளோ தூரம்?"

"தாலுக்கா ஆபீசுக்குப் போயிட்டு வரேங்க. ஒதவித்தொகைக்கு எழுதிப் போட்டிருந்தேன். குடிச்சிட்டு செத்ததா பேப்பர்ல இருக்குதாம், குடுக்கமாட்டேன்றாங்க." அவள் காகிதத்தை நீட்டவில்லை, மார்போடு பிடித்திருந்தாள். "அவுரு குடிக்கமாட்டாருன்னு உங்களுக்குத் தெரியுமுங்களே. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா மாத்திக்குவாங்களாம்."

ஒரு வார்த்தை. இவ்வளவு நாளில் யாரும் அவரிடம் இதைவிடச் சின்னதாக எதையும் கேட்டதில்லை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அவன் குடிக்கவில்லை என்றால் கழி எப்படி நழுவியது என்று கேட்பார்கள்.

"எழுதினது எழுதினதுதாம்மா," என்றார். தன் குரலே அவருக்கு அருவருப்பாக இருந்தது. "இப்ப மாத்தினா கேசாயிடும்."

ராஜாம்பாள் காகிதத்தை முந்தானைக்குள் செருகிக்கொண்டாள். "அப்ப இத மட்டும் சொல்லுங்க. கடைசியா எதனா சொன்னாருங்களா?"

"ஒண்ணும் சொல்லல. ஒரே அடி. அப்பவே முடிஞ்சிடுச்சி."

மூன்று தட்டு.

அவள் தலை லாரிப் பக்கம் திரும்பியது.

"எலி," என்றார் சுப்புராயன்.

மூன்று தட்டு. இந்த முறை மெதுவாக. அயர்ந்துபோன கை.

"எலிதாம்மா. நீ கெளம்பு. இருட்டிடப்போவுது."

அவள் அவரைத் தாண்டிப் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு பம்பரில் ஏறினாள். சிவப்புத் தகட்டின்மேல் கையை வைத்தாள். தட்டு நின்றது. பிறகு குனிந்து கன்னத்தை அதில் பதித்தாள்.

"ம்," என்றாள்.

சுப்புராயனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"ம்." அவள் முகத்தில் பயம் இல்லை. வேலையிலிருந்து வந்தவன் அன்றைய கதையைச் சொல்ல, அடுப்படியிலிருந்து கேட்டுக்கொள்கிறவளின் முகம். "எம்மா நேரம் தட்டினீங்க?" என்று தகட்டிடம் கேட்டாள். கேட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

கொட்டகையில் துரு வாடை நிறைந்தது. சத்தம் போட்டால் கண்ணகி வருவாள். வந்தால் அவளுக்கும் கேட்கும். அவர் குரல் கொடுக்கவில்லை.

"பக்கத்துலயேவா இருந்தாரு?" என்றாள் ராஜாம்பாள்.

அவள் கண்கள் மெல்லத் திரும்பி அவர்மேல் நின்றன. இமைக்கவில்லை. கன்னம் தகட்டைவிட்டு எழவில்லை.

"ம்," என்றாள். "ம்." அவரைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள்.

கேட்டு முடிந்தபாடில்லை.