முப்பத்தொன்றாவது மூட்டை

கங்காவின் நோட்டில் ஐம்பது வரிகள் இருந்தன. ஐம்பதிலும் "சரி" என்று எழுதியிருந்தாள். அதில் முப்பத்தொன்றாவது "சரி" மட்டும் பொய்.

சரிவின் அடியிலிருந்து தேயிலை மூட்டைகளை மேலே ஏற்ற, எஸ்டேட்டுக்குப் புதிய கம்பி இழுவை வந்திருந்தது. அது பாரம் தாங்குமா என்று சோதிக்க வந்தவர் பொறியாளர் திலகா. நாற்பது கிலோ மணல் மூட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பிப் பார்த்தார். பள்ளி விடுமுறையில் இருந்த கங்காவுக்கும் ஒரு வேலை கொடுத்தார். ஒவ்வொரு மூட்டை போகும்போதும் கண்ணில் பட்டதையும் காதில் கேட்டதையும் எழுத வேண்டும்.

முப்பத்தொன்றாவது மூட்டை உச்சியைத் தொட்டபோது "ணங்" என்று ஒரு சத்தம். வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

'எனக்கு மட்டும்தான் கேட்டதா? காற்றாக இருக்குமோ?' என்று நினைப்பதற்குள் கை "சரி" என்று எழுதிவிட்டது.

இப்போது மலை முகட்டிலிருந்து பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

"முடிஞ்சது லா," என்றார் கங்காணி தங்கராஜு. "நாளைக்குக் காலையில கொழுந்து ஏத்திடலாம். சசி, நீ கீழ நின்னு கொக்கி மாட்டு."

சசிதரன் கங்காவின் அப்பா. கம்பிக்கு நேர் கீழே அவர் நிற்கப்போகும் இடத்தைப் பார்த்ததும் கங்கா திலகாவிடம் ஓடினாள்.

"அக்கா, முப்பத்தொன்னுல ஒரு சத்தம் கேட்டுச்சு. நான் எழுதல."

"உன் வயிறு கத்தியிருக்கும் பாப்பா. போய்ச் சாப்பிடு," என்று தங்கராஜு சிரித்தார்.

திலகா சிரிக்கவில்லை. "எங்கேருந்து வந்துச்சு?"

"மேல, கம்பி ஓடுற சக்கரத்துக்கிட்ட. தப்பாக்கூட கேட்டிருப்பேன்."

"அந்த நேரத்துல வேற ஏதாவது நடந்துச்சா?"

"ஒரு தூறல் போட்டுச்சு. மூட்டை நனைஞ்சு கனத்துப்போச்சு," என்றார் அப்பா. "அடுத்த தடவைக்குக் காஞ்ச மூட்டையா மாத்திட்டேன்."

கங்கா மெதுவாகக் கேட்டாள். "ஆனா அப்பா, காலையில பறிக்கிற கொழுந்து பனியில நனைஞ்சுதானே இருக்கும்?"

திலகா வாளியை எடுத்து மூட்டைமேல் தண்ணீரை ஊற்றினார்.

"எல்லாரும் பக்கத்து மேட்டுக்கு வாங்க. கம்பிக்குக் கீழ யாரும் நிக்கக்கூடாது."

முதல் முறை சத்தமே இல்லை. இரண்டாம் முறையும் இல்லை. தங்கராஜு தொண்டையைக் கனைத்தார். கங்காவுக்குக் காது சுட்டது.

மூன்றாம் முறை மூட்டை பனிக்குள் மறைந்தது. இயந்திரத்தின் உறுமல் மட்டும் கேட்டது. கங்கா அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

ணங்.

கம்பி சீறித் தளர்ந்தது. பனிக்குள்ளிருந்து மூட்டை உருண்டு வந்து, கொக்கி மாட்டும் இடத்தில் மோதி வெடித்தது. அப்பா அங்கே மறந்து வைத்திருந்த தண்ணீர்ப் போத்தல் அப்பளமாகக் கிடந்தது.

அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

திலகா மேலே ஏறிப்போய், இரண்டாக முறிந்த சக்கர ஆணியோடு வந்தார். பரிசு வாங்கியவர் போல் இருந்தது அவர் முகம். "இன்னிக்கே உடைஞ்சுது, நல்லது. தடிச்ச ஆணியாப் போட்டு மறுபடியும் ஐம்பது தடவை. எல்லாம் ஈர மூட்டை."

"மறுபடியுமா?" என்று முனகிய தங்கராஜு, கம்பியிலிருந்து இன்னும் இரண்டடி தள்ளி நின்றார்.

கங்கா முப்பத்தொன்றாம் வரியில் "சரி"யை அடித்துவிட்டு "ணங்" என்று எழுதினாள்.

எட்டிப் பார்த்த அப்பா, "என் மோட்டார் சைக்கிள்லயும் இப்படி ஒரு சத்தம் வருது. வீட்டுக்குப் போறப்போ கேட்டுச் சொல்றியா?" என்றார்.

"அப்போ நடந்தே போலாம்ப்பா," என்றாள் கங்கா.