கருடன் விழுந்த வெள்ளிக்கிழமைகள்

1986, ஆடி மாதம். வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரை. பொம்மிடிக்குக் கிழக்கே, ராயம்மாளின் மேட்டுக்காட்டில் தண்ணீர் இறைக்கும் காற்றாடிக்குக் கீழே, இறக்கை முறிந்த கருடன் ஒன்று செத்துக் கிடந்தது. அந்த ஆடியில் அது மூன்றாவது. மூன்றும் வெள்ளிக்கிழமையில்தான்.

பக்கத்துக் கொட்டகை நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹசீனா, சத்தம் கேட்டுக் கேரியரை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். சேலத்தில் விலங்கியல் ஆராய்ச்சி செய்பவள். சுற்றும் சக்கரத்தைப் பறவைகள் எப்படி விலகிப் பறக்கின்றன, எப்போது அடிபடுகின்றன என்று தெரிந்துகொள்ள, காற்றாடிப் பரணில் ஏறி இரண்டு மாதமாக உட்கார்ந்திருக்கிறாள். தூரத்திலேயே சக்கரத்தைப் பார்த்து ஒதுங்கிப் போகும் கருடன்கள் அவள் பார்க்காத நேரத்தில் மட்டும் வந்து மோதின. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கருடன் சாகிற இடம் ஊருக்கு ஆகாது என்று ஊர் கொதித்துப்போயிருந்தது. காற்றாடியைக் கழற்ற உத்தரவோடு இன்ஜினியரும் வந்து, ஆட்களைவிட்டுப் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். கரண்ட் இல்லாத அந்தக் காட்டுக்கு அது இறைக்கும் தண்ணீர்தான். அதை நம்பித்தான் ராயம்மாள் தக்காளி நட்டிருந்தாள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஹசீனா நேரம் கேட்டாள். "மூணு மணி வரைக்கும் பாக்கறம்மா. அப்புறம் என்கிட்ட கேக்காதீங்க" என்றார் இன்ஜினியர்.

ராயம்மாள் தன் கவலையை விட்டுவிட்டு ஹசீனாவின் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டாள். மிச்சத்தைச் சாப்பிடச் சொன்னாள். ஆறிப்போயிருந்தால் போன வெள்ளிக்கிழமை மாதிரி தன் வீட்டில் களி சாப்பிடலாம் என்றாள். அவள் மனசு அப்படி.

ஹசீனா கருடனின் நகங்களை மெல்ல விரித்தாள். உள்ளே ஆட்டு நுரையீரல் துண்டு ஒன்று இருந்தது. கத்தியால் சதுரமாக நறுக்கியது.

கூடியிருந்தவர்களின் கண்களெல்லாம் பக்கத்துக் காட்டுச் சென்னப்பன் மேல் திரும்பின. அவர் கோழிக்குஞ்சுகளைக் கருடன் தூக்கிப்போனது ஊருக்கே தெரியும்.

"போன வெள்ளிக்கிழமை எங்க இருந்தீங்க?" என்று ஹசீனா கேட்டாள்.

"இங்கதான். களை வெட்டிகிட்டிருந்தேன்."

"கருடனுக்குக் கறி போட்டீங்களா?"

"எங்க வூட்டுக்கே கறி தீபாவளிக்குத்தான் வருது. அதுக்கு நான் எங்க போய்ப் போடறது?"

போன வெள்ளிக்கிழமை சென்னப்பன் இருந்தார், காற்று இருந்தது, சக்கரமும் சுற்றியது. ஆனாலும் ஆடியின் நாலு வெள்ளிக்கிழமைகளில் அன்று மட்டும் கருடன் சாகவில்லை. அன்றைக்கு வராதது எது? ஹசீனா கொட்டகையில் விட்டுவந்த கேரியரைத் திரும்பிப் பார்த்தாள். பேசாமல் இருந்துவிட்டால் பழி சென்னப்பனோடு போகும். காற்றாடியும் போகும்.

இரண்டரை மணிக்கு, ஜும்மா தொழுகை முடித்து, காலிக் கேரியரை வாங்கிப்போக அப்துல் கனி மொபெட்டில் வந்தார். ஹசீனாவின் தகப்பனார். பொம்மிடியில் சைக்கிள் கடை. வெள்ளிக்கிழமை கடை லீவு. அன்று மட்டும் மகளுக்குச் சோறு கொண்டுவருவார்.

"இவர் போடலீங்க" என்றாள் ஹசீனா, சென்னப்பனைக் காட்டி. "போட்டது எங்க அத்தா. போன வெள்ளிக்கிழமை அவருக்குக் காய்ச்சல், வரல. அதான் நான் ராயம்மா வூட்டுல களி சாப்பிட்டேன். அன்னிக்குக் கருடனும் சாகல."

அப்துல் கனி மறுக்கவில்லை. மகள் அவ்வளவு உயரம் ஏறுவது அவருக்கு வயிற்றில் நெருப்பு. கறி நறுக்கிப் பருந்துக்குப் போட்டால் பிள்ளைக்கு வரும் ஆபத்து விலகும் என்பது அவர் வீட்டு வழக்கம். ஆபத்து இருக்கிற இடத்திலேயே போட வேண்டும் என்று நினைத்து, மகள் சாப்பிட உட்கார்ந்ததும் சக்கரத்துக்கு நேர் கீழே இருக்கும் பாறையில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். தான் போடும் கறிக்காகத்தான் பறவை வந்து விழுகிறது என்பது அவருக்குத் தெரியாது.

ஹசீனா இன்ஜினியரிடம் விளக்கினாள். சும்மா பறக்கும் கருடன் எதிரே பார்க்கும். இரைக்குப் பாய்கிற கருடன் கீழேதான் பார்க்கும். எதிரே மலையே இருந்தாலும் அதற்குத் தெரியாது. காற்றாடிக்கு அடியில் இரை கிடக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பழி சுமந்த சென்னப்பன்தான் முதலில் பேசினார். "பெத்த பயம். நம்ம ஏரிக்கரையில போடுங்க பாய். அங்க சுத்தறதுக்கு ஒண்ணும் இல்ல."

இன்ஜினியர் ஆட்களைக் கூப்பிட்டு, கழற்றிய போல்ட்டுகளை மறுபடி முறுக்கச் சொன்னார். ராயம்மாள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்துல் கனி மகளிடம் வந்து, தலைகுனிந்து நின்றார். "இனிமேயாவது மேல ஏறாம இருப்பியாம்மா?"

"ஏறுவேன் அத்தா."

"அப்ப நானும் போடுவேன்" என்றார் அவர். "எந்தப் பக்கம் ஏரிக்கரைன்னு காட்டு."