சவிரிமுத்துவின் கடவுச்சீட்டு

1976ஆம் ஆண்டு, ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை 7.40.

பூசை முடிந்து வீடு திரும்பிய கத்தரீனா, கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வைக்கவென்று உள்ளறைக்குப் போனவர், வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அலுமாரி திறந்து கிடந்தது. அதன் சாவியான திறப்பு கதவிலேயே தொங்கியது. அறையின் குறுக்கே உயரத்தில் போகும் மர உத்தரமான தீராந்திக்கு நேர் கீழே, விறாந்தையில் இருக்கவேண்டிய கதிரை ஒன்று நின்றது. நகைப்பெட்டி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அதற்குப் பக்கத்தில் இருந்த மகனின் கடவுச்சீட்டு மட்டும் இல்லை.

அவர் வைத்த கூக்குரலில் சங்குமுனை ஊரே கூடிவிட்டது. கூடாமல் என்ன செய்யும்? சவிரிமுத்து அந்த ஊரின் பிள்ளை. ஆறடி நாலங்குலம். ஏழு வருடமாகக் கொழும்புக் கம்பனி ஒன்றில் பெயருக்கு எழுதுவினைஞர். உண்மையில் கம்பனி அவனுக்குச் சம்பளம் கொடுத்தது கூடைப்பந்து ஆடுவதற்கு. நாட்டு அணியிலும் ஆடியவன். இப்போது மணிலாவிலிருந்து ஒரு கழகம் அவனை அழைத்திருந்தது. இனி மேசை இல்லை, கோப்பு இல்லை, பந்துதான் தொழில். வேலணைத் தீவில் பிறந்த ஒருவனுக்கு அப்படியொரு வாழ்வு வாய்த்ததாக எவரும் கேள்விப்பட்டதில்லை. செவ்வாய்க்கிழமை பயணம். திங்கள் பின்னேரம் பிரியாவிடைக்குப் பந்தல்கூடப் போட்டாயிற்று.

காலை 11.10. ஊர் அரசாங்க மருந்தகத்து அப்போதிக்கரி விநாயகமூர்த்தி மருந்துப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். கத்தரீனாவுக்குத் தலை சுற்றுகிறது என்றுதான் ஆள் அனுப்பியிருந்தார்கள். ஆனால் சப் இன்ஸ்பெக்டர் பரராசசிங்கம் அவரை விடவில்லை. முன்பு ஒரு நஞ்சு வழக்கில் அப்போதிக்கரியின் கண்தான் குற்றவாளியைக் காட்டிக் கொடுத்தது.

"ஒருக்கா அறையைப் பாருங்கோ. பெரிய மர்மம் ஒண்டும் இல்லை. ஆளைப் பிடிச்சிட்டன்."

"ஆரை?"

"வெள்ளையடிக்க வந்த அனலைதீவுச் சின்னக்குட்டியை. நகையைத் தொடாமல் பாஸ்போட்டை மட்டும் எடுத்திருக்கிறான். கள்ளத்தோணிக்காரருக்கு வித்தால் நல்ல விலை."

இன்ஸ்பெக்டர் வளவைச் சுற்றிப் பார்க்கப் போனார். அப்போதிக்கரி உள்ளறையில் தனியே நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதிரையில் ஏறினார். கையை உயர்த்தினார். சிறிது நேரம் அப்படியே நின்றுவிட்டு இறங்கினார். ஏறும்போது இருந்த முகம் இறங்கும்போது இல்லை.

கத்தரீனாவின் நாடியைப் பிடித்தபடி கேட்டார். "திறப்பு எங்க இருந்தது?"

"தீராந்திக்கு மேல, ஐயா. எனக்கு மறதி எண்டு தம்பிதான் அதில வைச்சவன்."

"வேற ஆருக்குத் தெரியும்?"

"சின்னக்குட்டிக்குத் தெரியும். அறைக்கு வெள்ளையடிக்கேக்க, திறப்பில சுண்ணாம்பு படுது எண்டு அவன்தான் சொன்னவன்."

"அவன் எடுத்திருக்கமாட்டான் அம்மா," என்றான் சவிரிமுத்து. சுவரோரம் வாங்குப் பலகையில் அமர்ந்து, ஒரு காலை நீட்டியபடி இருந்தான். ஊரில் எல்லாரும் சாரத்தோடு நிற்கும் அந்த வெக்கையிலும் அவன் நீளக் காற்சட்டை அணிந்திருந்தான். அப்போதிக்கரி அந்தக் காலைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

"சின்னக்குட்டியின்ர ஏணி எங்க?" என்று அப்போதிக்கரி கத்தரீனாவிடம் கேட்டார்.

"நேற்றே கோயிலுக்குக் கொண்டுபோயிட்டான். இண்டைக்கு விடிய வெள்ளையடிக்கிற தும்புக்கட்டையும் வாளியும் எடுக்க வந்தவனாம். பொட்டணியோட போறதைப் பக்கத்து வீட்டில கண்டவை."

"நீங்கள் எத்தனை மணிக்குப் பூசைக்குப் போனீங்கள்?"

"நான் அஞ்சரைக்கு. இவன் முகம் வழிச்சிட்டுப் பிந்தித்தான் வந்தவன். வந்தும் என்ன? பின்னால தூண் மாதிரி நிண்டான். நற்கருணையை உயர்த்துற எழுந்தேற்றத்துக்கும் முழந்தாளிடேல்லை. கொழும்புக்குப் போய் அதையும் மறந்திட்டான்."

சவிரிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். அப்போதிக்கரி மருந்துப் பெட்டியை மூடினார்.

பகல் 12.15. பொலிஸ் நிலையம். சின்னக்குட்டி நிலத்தில் குந்தியிருந்தான். ஆட்களைக் கண்டதும் எழுந்தான். எழுந்தும் அவன் உச்சி அப்போதிக்கரியின் காதைத்தான் எட்டியது. அப்போதிக்கரியே உயரமான மனிதர் அல்லர்.

"பொட்டணியில என்ன இருந்தது?" என்று கேட்டார் அப்போதிக்கரி.

"புது வேட்டி, ஐயா. என்ர தாய் ஆச்சிமுத்து. செத்து முப்பது நாள். நாளைக்கு விடிய அந்தியேட்டி. நான் ஒரே பெடியன், கிரியை நான்தான் செய்யவேணும்."

"வீட்டுக்கு உள்ள போனனீயா?"

"இல்லை. வாளி வெளியில பின்பத்தியில கிடந்தது. எடுத்தனான், வந்தனான்." அவன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். "ஐயா, அனலைதீவுக்குப் போற மூண்டு மணி லோஞ்சில என்னை விடுங்கோ. சோளகக் காத்து அடிக்குது, அதுக்குப் பிறகு ஒருத்தரும் வள்ளம் இறக்கமாட்டினம். நாளைக்குக் காலமை லோஞ்ச் ஒன்பதுக்குத்தான். ஐயர் ஆறு மணிக்கு வந்து முடிச்சிட்டு நயினாதீவுக்குப் போறவர்."

"பாஸ்போட்டைத் தா, விடுறன்," என்றார் பரராசசிங்கம். பிறகு அப்போதிக்கரி பக்கம் திரும்பினார். "என்ன சொல்லுறீங்கள்?"

அப்போதிக்கரி வாய் திறந்தார். சுவர் மணிக்கூட்டில் பன்னிரண்டரை.

"கொஞ்சம் யோசிக்க வேணும்," என்றார்.

பகல் 1.00. அவர் வீட்டுக்குப் போகவில்லை, சாப்பிடவும் இல்லை. பூட்டியிருந்த மருந்தகத்தைத் திறந்து உள்ளே போய், பழைய நோயாளர் பதிவேடுகளைக் கீழே இறக்கினார். 1969. ஆவணி மாதம். ஒரு குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். அன்றைக்கு வந்த இருபத்தாறு பேரின் பெயரும் இருந்தது. அவர் தேடிய பெயர் இல்லை. இருக்காது என்று அவருக்குத் தெரியும். இருந்தும் இரண்டாம் முறையும் பார்த்தார்.

இரண்டு மணிக்கு எழுந்து கதவு வரை போனார். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். 'எங்கட சவிரியை ஆளாக்கினது அப்போதிக்கரி ஐயாதான்' என்று ஊர் சொல்லும்போதெல்லாம் அவர் மறுத்ததில்லை. நாளைய பந்தலில் அவருக்கும் ஒரு மாலை இருந்தது. திரும்பி வந்து கதிரையில் அமர்ந்தார்.

மூன்று மணிக்கு லோஞ்ச் ஊதியது. இயந்திரத்தின் சத்தம் காற்றில் தேய்ந்து தேய்ந்து இல்லாமற்போகும்வரை அவர் அசையவில்லை. பிறகு முகத்தை மேசையில் கவிழ்த்துக்கொண்டார்.

பின்னேரம் 4.10. கத்தரீனா வீட்டு உள்ளறை. அப்போதிக்கரி, இன்ஸ்பெக்டர், தாய், மகன். அப்போதிக்கரி கதவைச் சாத்தினார்.

"இன்ஸ்பெக்டர், உந்தக் கதிரையில ஏறினால் கள்ளனுக்குத் திறப்பு எட்டும் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"கதிரை கீழதானே நிண்டது."

"நிண்டது. ஆனால் நீங்கள் ஏறிப் பார்க்கேல்லை. நான் ஏறினனான். நுனிக்காலில நிண்டும் எனக்கு நாலு விரற்கடை குறைஞ்சுது. சின்னக்குட்டி என்ர காதளவு ஆள். அவனுக்கு ஒரு சாணுக்கு மேல குறையும். அவன் வெள்ளையடிக்கேக்க திறப்பைக் கண்டது ஏணியில நிண்டு. ஏணி கையில இருந்தால் கதிரை தேவையில்லை. ஏணி இல்லையெண்டால் கதிரையால பிரயோசனம் இல்லை. அப்ப அந்தக் கதிரை ஏறுறதுக்கு வைச்சதில்லை. ஏறினதாகக் காட்ட வைச்சது."

பரராசசிங்கம் கதிரையைப் பார்த்தார். பிறகு தீராந்தியைப் பார்த்தார்.

"கட்டையாய் இருக்கிறவனுக்கு எவ்வளவு உயரம் வேணும் எண்டு கட்டையன் சரியாய்ச் சொல்லுவான். அப்ப அதைச் சரியாய்க் கணக்குப் பார்க்கத் தெரியாதவன் ஆர்? பிறந்து வளர்ந்தாப்பிறகு ஒரு பொருளை எடுக்க ஒருநாளும் கதிரையில ஏறாதவன்." அவர் குரல் தாழ்ந்தது. "உனக்கு மட்டும் எட்டுற இடத்திலதான் ஒளிச்சிருப்பாய். கையை உயர்த்து தம்பி. நீயே எடுத்துக் குடு."

சவிரிமுத்து எழுந்தான். தாய் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் மெதுவாகக் கையை உயர்த்தி, தீராந்தி சுவரோடு சேரும் மூலையில் துழாவி, கடவுச்சீட்டை எடுத்தான். அதில் சுண்ணாம்புத் தூள் ஒட்டியிருந்தது. அது அந்த அறையை விட்டு வெளியே போகவே இல்லை. பொலிசாரும் ஊராரும் காலையிலிருந்து கட்டிலுக்குக் கீழும் பெட்டிக்குப் பின்னும் குனிந்து குனிந்து தேடினார்களே தவிர, ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

"ஏன்டா?" என்றார் கத்தரீனா.

சவிரிமுத்து பதில் சொல்லாமல் காற்சட்டைக் காலைச் சுருட்டினான். முழங்காலில் சுற்றியிருந்த துணிப் பந்தனத்தை அவிழ்த்தான். வலது முழங்கால் இளநீர்க் கோம்பையளவு வீங்கியிருந்தது.

"ஓடேக்கை கழண்டு போகுது அம்மா. மணிலாவில முதல் நாளே பிடிச்சிடுவாங்கள். ஊர் பந்தல் போட்டு நிக்குது. ஏலாது எண்டு எந்த வாயால சொல்லுறது? பாஸ்போட் துலைஞ்சால் என்ர பிழை இல்லைத்தானே எண்டு நினைச்சன். ஆரையும் பிடிப்பினம் எண்டு நினைக்கேல்லை. பிடிச்சாப்பிறகு… வாய் வரேல்லை."

"முழந்தாளிட மறந்திட்டான் எண்டு நீங்கள் சொன்னீங்கள்," என்றார் அப்போதிக்கரி கத்தரீனாவிடம். "மறக்கேல்லை. அவனால மடக்க ஏலாது. அதை நீங்கள் சொல்லி முடிக்கமுதலே எனக்கு விளங்கினது. ஏனெண்டால் அந்தக் காலை உப்பிடி ஆக்கினது நான்."

கத்தரீனா குனிந்து மகனின் முழங்காலைத் தொட்டுப் பார்க்க, அப்போதிக்கரி தொடர்ந்தார்.

"அறுபத்தொன்பதில யாழ்ப்பாணத்தில இறுதிப் போட்டி. கொழும்புக் கம்பனி ஆள் பார்க்க வாறார். முதல் நாள் இவன்ர காலில நீர் கட்டிப் போச்சு. ஆறு மாதம் ஆடக்கூடாது எண்டு சொல்லியிருக்க வேணும். நான் நீரை இழுத்தெடுத்து, விறைக்கிற ஊசி போட்டு அனுப்பினனான். புத்தகத்தில பதியவும் இல்லை. இவன் நோ தெரியாமல் துள்ளித் துள்ளி ஆடினான். வேலை கிடைச்சுது. பிறகு லீவில வரேக்கையெல்லாம் ஊசி. நானும் போட்டனான்."

"நான்தானே ஐயா கேட்டனான்," என்றான் சவிரிமுத்து.

"நீ கேட்கேக்கை உனக்கு இருபது வயது. எனக்கு நாற்பத்தஞ்சு."

பரராசசிங்கம் தொப்பியைக் கையில் எடுத்தார். "பொய் முறைப்பாடு எண்டு பதிய வேண்டி வரும், தம்பி."

"பதியுங்கோ."

பின்னேரம் 5.00. பொலிஸ் நிலைய வாசல். சோளகம் புழுதியை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. துறையில் ஒரு வள்ளமும் அசையவில்லை. சவிரிமுத்து துறைக்குப் போய் நாலு வள்ளச் சம்மாட்டிமாரிடம் கெஞ்சிப் பார்த்து வெறுங்கையோடு வந்திருந்தான்.

"உங்கட கண் கண்தான்," என்றார் இன்ஸ்பெக்டர் அப்போதிக்கரியிடம். "நீங்கள் இல்லாட்டி சின்னக்குட்டி மறியல் சிறைக்குப் போயிருப்பான்."

சின்னக்குட்டி பொட்டணியை அக்குளில் இடுக்கியபடி வெளியே வந்து, இரு கையையும் கூப்பினான். "ஐயாவாலதான் தப்பினன்."

அந்தக் கையை அப்படியே ஏற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். வேறு எவருக்கும் தெரியாது.

"கும்பிடாதை, சின்னக்குட்டி," என்றார் அப்போதிக்கரி. "நீ களவெடுக்கேல்லை எண்டு எனக்குப் பகல் பன்னிரண்டரைக்கே தெரியும்."

சின்னக்குட்டியின் கைகள் மெதுவாகக் கீழே இறங்கின.

"லோஞ்ச் மூண்டுக்குத்தானே ஐயா போனது?"

"ஓம்."

"பிறகேன்…?"

"சொன்னால் என்ர பிழையும் வெளியால வரும் எண்டு பயந்தனான்."

சின்னக்குட்டி கடலை ஒருமுறை பார்த்தான். பிறகு துறைப் பக்கமாக நடந்தான். அன்று இரவு அவன் எவர் வீட்டுப் படியும் ஏறவில்லை, எவர் கொடுத்த சோற்றையும் தொடவில்லை.

திங்கள் காலை 8.00. தபாற்கந்தோர் திறந்ததும் சவிரிமுத்து மணிலாவுக்குத் தந்தி அடித்தான்: வரமுடியாது, முழங்கால் பழுது. அதே யன்னலில் அப்போதிக்கரி தன் மேலதிகாரிக்கு ஒரு பதிவுத் தபால் கொடுத்தார். ஊசிகள் அத்தனையும் திகதி திகதியாக அதில் இருந்தன. மைதானத்தில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்பது மணி லோஞ்சில் மூவரும் ஏறினார்கள். சின்னக்குட்டி முன் அணியத்தில் தனியே இருந்தான். அப்போதிக்கரியும் சவிரிமுத்துவும் பின்னால். சின்னக்குட்டியின் வீட்டாரிடம் போய் மன்னிப்புக் கேட்பதென்று இருவரும் வழியில் பேசி வந்திருந்தார்கள். பாதிக் கடலில் சின்னக்குட்டி எழுந்து வந்து அப்போதிக்கரியின் முன்னால் நின்றான்.

"நீங்கள் சொல்லாமலே விட்டிருக்கலாம் ஐயா. நான் சாகுமட்டும் உங்களைக் கும்பிட்டுக்கொண்டு இருந்திருப்பன். இப்ப கும்பிடவும் ஏலாது. உண்மையைச் சொன்ன மனுசனை ஏசவும் ஏலாது. என்னை என்ன செய்யச் சொல்லுறீங்கள்?"

அவன் முன் அணியத்துக்குத் திரும்பிப் போய் இருந்துகொண்டான்.

அனலைதீவுத் துறையில் அவனது தமக்கையின் மகன் ஈர வேட்டியோடு, மழித்த தலையோடு நின்றான். "ஐயர் நிக்க ஏலாது எண்டிட்டார், மாமா. உங்களுக்காகப் பத்து நிமிசம் பாத்தவர். பிறகு நான்தான் செய்தனான்."

சின்னக்குட்டி அவன் தலையைத் தடவினான். பொட்டணியை அவிழ்த்து, மடிப்புக் கலையாத புது வேட்டியை எடுத்து அவன் தோளில் போட்டான். பிறகு இருவரும் மணலில் இறங்கிப் பனங்கூடல் பக்கமாக நடந்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"இறங்குவமா ஐயா?" என்று சவிரிமுத்து கேட்டான்.

அப்போதிக்கரி எழுந்தார். ஒரு காலை லோஞ்சின் விளிம்பில் வைத்தார். "மன்னிக்கிற வேலையையும் அவனுக்குக் குடுக்கிறதோ?" என்று, வைத்த காலை எடுத்துக்கொண்டு மறுபடி அமர்ந்தார். சவிரிமுத்துவும் பக்கத்தில் அமர்ந்தான். சாமான்கள் இறங்கின, ஆட்கள் ஏறினார்கள். லோஞ்ச் ஊதிக்கொண்டு சங்குமுனைக்குத் திரும்பும்வரை இருவரும் கரையில் கால் வைக்கவில்லை.