சுவருக்குள் ஒழுங்கை

வசந்தரூபி துடைப்பதை நிறுத்திய பிறகும் கூட்டும் சத்தம் நிற்கவில்லை.

காலை ஆறரை மணி. தை மாதத்து இருள் இன்னும் உயரமான சன்னல்களில் அப்பியிருந்தது. முறுக்கிய தூண்களும், பொன்பூசிச் சிறகு விரித்த சாந்துச் சம்மனசுகளும், கூரை முழுக்கத் தீட்டிய மேகங்களுமாக அந்தக் கண்ணாடி மண்டபம் விரிந்து கிடந்தது. முந்நூறு வருடங்களுக்கு முன் ஒரு பிரபு கட்டிய மாளிகை; பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் படைமுகாமாகி, இப்போது ஓவிய மியூசியம். சத்தம் சுவருக்குள்ளிருந்து வந்தது. காய்ந்த விளக்குமாறு கல்லில் உரசும் சத்தம். அவள் காதுகொடுத்ததும் ஓய்ந்தது.

கீழே வாசலைக் கழுவிக்கொண்டிருந்த, அவளோடு துப்புரவு வேலை செய்யும் இராயப்புவிடம் போனாள்.

"அண்ணை, மேலை சுவருக்குப் பின்னாலை ஆரோ கூட்டினம்."

"ஆர் பிள்ளை கூட்டுறது? முந்தி அதுக்குள்ளை வேலைக்காரர் போற ஒடுக்கமான பாதை, ஒரு ஒழுங்கை இருந்ததாம். பிரபுவின்ரை கண்ணிலை அவையள் படக்கூடாதாம். மியூசியமாக்கேக்கை அடைச்சுப்போட்டாங்கள்."

அவர் குழாயைத் திறந்தார்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியில் ஒரு கடைக்கு மேலே ஆறாம் மாடி அறை அவளுடையது. "என்ன வேணும் அக்கா?" என்று யாராவது கேட்பார்கள் என்பதற்காகவே ஞாயிற்றுக்கிழமைகளில் தேவையில்லாமல் அந்தக் கடைக்குள் போய்வருவாள். இங்கே மியூசியத்தில் காவலர்கள் அவள் கையிலுள்ள துடைக்கும் இயந்திரத்தைச் சுற்றி நடப்பதுபோல அவளையும் சுற்றி நடந்தார்கள்.

மண்டபத்துக்குத் திரும்பியபோது அணைத்த மெழுகுதிரியின் புகையும், ஈரக் கம்பளியும், நாட்பட்ட வியர்வையும் கலந்த மணம் மூக்கில் ஏறியது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே, பூவேலை செய்த சுவர்ப்பலகை ஒருசாண் அகலத்துக்குத் திறந்திருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள்.

"தங்கச்சி."

அவள் ஓர் அடி பின்வாங்கினாள். ஓடியிருக்கலாம். ஆனால் தமிழ். அவளை அழைக்கும் தமிழ்.

"ஆர் அங்கை?"

"கெதியா வா. அவர் வாற நேரம்."

பலகையை விலக்கி, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைப் பிடித்தபடி நுழைந்தாள். தோள் உரசும் அகலம்தான். சுவரோரம் வரிசையாக முதுகுகள். பழுப்பேறிய முக்காடுகள். கிழிந்த ஏப்ரன்கள். பிறகு, அவள் போட்டிருந்ததைப் போலவே நீலச் சீருடைகள். எல்லாரும் முகத்தைச் சுவரில் ஒட்டி நின்றார்கள். கடைசியில் எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய ஒரு சடை. அதற்கு அப்பால், ஓராள் நிற்க இடம்.

பின்னால் பலகை மூடிக்கொண்டது.

தள்ளினாள். அசையவில்லை. அறைந்தாள். கல்லை அறைந்ததுபோல ஓசையே எழவில்லை.

"சத்தம் போடாதை," என்றாள் சடைக்காரி. "சுவரைப் பாத்து நில். எங்கடை முகம் பிரபுவுக்குத் தெரியக்கூடாது."

தூரத்தில் குதியுயர்ந்த சப்பாத்துகள். ஒரு கைத்தடி. டொக். டொக். அவசரமில்லாமல்.

வசந்தரூபி வெற்றிடத்தில் போய் நின்றாள்.

"எவ்வளவு நேரம் நிக்கோணும் அக்கா?"

சடைக்காரி பதில் சொல்லத் திரும்பினாள்.

நெற்றியிலிருந்து நாடிவரை ஒன்றுமில்லை. கல்லில் உரசி முகமே தேய்ந்திருந்தது. வெள்ளையடித்த சுவரைப்போல, வழுவழுவென்று.

வெளிச்சம் அணைந்தது.

டொக்.

சப்பாத்துகள் அவளுக்குப் பின்னால் வந்து நின்றன. பின்கழுத்தில் குளிர்ந்த மூச்சு. வசந்தரூபி கண்களை இறுக மூடி, முகத்தைக் கல்லில் அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள்.